கிணறு இறைத்த செயலாளர்

எங்கள் ஊர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு நான் பதினோராவது வருடமாகச் செயலாளர். என் திறமைக்குக் கிடைத்த மதிப்பு என்று நான் சொல்லிக்கொள்வேன். அந்தக் கூட்டக் கொப்பியைத் தூக்க வேறு ஒருத்தரும் முன்வரவில்லை என்று மனைவி சொல்வாள். கூட்டுறவுச் சங்கமொன்றில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்குக் கடிதம் எழுத வரும் என்று ஊர் நம்புகிறது. ஊரைவிட அதிகமாக நான் நம்புகிறேன். "மேன்மைதங்கிய ஐயா அவர்களுக்கு" என்று தொடங்கி "தங்கள் மேலான கவனத்துக்குத் தாழ்மையுடன் சமர்ப்பிக்கிறோம்" என்று முடிப்பதற்குள், என்ன கேட்டு எழுதினோம் என்பது வாசிப்பவருக்கு மறந்துபோகும். சில தடவை எனக்கும் மறந்திருக்கிறது.

ஓமந்தைக்கும் மாங்குளத்துக்கும் நடுவே, ஏ9 வீதியை விட்டு உள்ளே இறங்கிக் கொஞ்சத் தூரம் போனால் எங்கள் ஊர் வரும். குளத்துக்குக் கீழே, வாய்க்கால் ஓடும் பக்கத்தில் நாங்கள் இருக்கிறோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேற்றத் திட்டத்தில் வயல் எடுத்தவர்களின் பிள்ளைகள். தண்ணீர் ஏறாத மேட்டுக் காணிகளில் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் காடு வெட்டிக் கச்சான் கடலை போட்டார்கள், எங்கள் வயல்களிலும் வேலை செய்தார்கள். எல்லோருக்கும் ஒரே கோயில், ஒரே சங்கம். ஆனால் சங்கத்தின் நிர்வாக சபையில் மேட்டுப் பக்கத்தவர் ஒருவர்கூட இல்லை. பதினொரு வருடமாகப் பெயர்களை என் கையாலேயே எழுதிவந்தும் அது எனக்குத் தெரியவில்லை.

மேட்டுக் காணிகளுக்கு அப்பால், காட்டோரத்தில் ஒரு கருங்கல் குவாரி வந்தது. முதலில் டிப்பர்கள் ஓடி வீதியெல்லாம் புழுதியானது. பிறகு வெடி வைக்க வைக்க வீட்டுச் சுவர்கள் வெடிப்பு விட்டன. கடைசியாக, இயந்திரங்களில் இருந்து கழிக்கும் பழைய ஒயிலைக் குவாரிக்காரர் பின்பக்கம் ஒரு கிடங்கு வெட்டி அதற்குள் ஊற்றத் தொடங்கினார்கள். அந்தக் கிடங்குக்கு மிக அருகில் இருந்தது ஒரு அம்மாவின் காணி. அவரும் கணவரும் பாறையை உடைத்துத் தங்கள் கையால் வெட்டிய கிணறு அதில் இருந்தது. கணவர் இப்போது இல்லை, மகள்மார் கட்டுநாயக்கப் பக்கம் தையல் தொழிற்சாலையில் இருக்கிறார்கள். அம்மா தனியே அந்தக் கிணற்றை வைத்துக் கத்தரியும் கச்சானும் செய்து சீவித்தார்.

ஒரு கூட்டத்துக்கு அவர் வந்தார். கதிரை இருந்தும் நிலத்தில் இருந்தார். கிணற்றில் எண்ணெய் மிதக்கிறது, குடிக்க முடியவில்லை, பள்ளிக்கூடத்துக் குழாயிலிருந்து சைக்கிளில் இரண்டு தண்ணீர்க் கான் கட்டிக்கொண்டு வருகிறேன் என்றார். குவாரியைத் தன் வேலி வரை பெருப்பிக்க அனுமதி கேட்டிருக்கிறார்களாம், அது கிடைத்தால் கிணறே போய்விடும் என்றும் சொன்னார். நான் எழுந்து, "நீர் யோசிக்காதேயும். நான் எழுதிறன்" என்றேன். மாவட்டச் செயலகமான கச்சேரிக்கு நான்கு பக்கம் எழுதினேன். அதில் மூன்று பக்கம் எங்கள் ஊரின் தொன்மை பற்றியது.

ஆனாலும் பதில் வந்தது. வருகிற வியாழக்கிழமை அதிகாரிகள் நேரில் வந்து புழுதி, வெடி, கிணறு எல்லாவற்றையும் பார்ப்பார்கள், அதன் பிறகே அனுமதி பற்றி முடிவெடுப்பார்கள் என்று இருந்தது. அன்று பின்னேரமே அவசரக் கூட்டம் கூட்டினோம்.

இந்த இடத்தில் எங்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சண்டை முடிந்த நாளிலிருந்து இந்தப் பக்கத்துக்கு யாராவது வந்துகொண்டே இருந்தார்கள். வெள்ளை வாகனத்தில் வந்தார்கள், மேலங்கி போட்டு வந்தார்கள், கமராவோடு வந்தார்கள். வருகிறவர் எதைப் பார்க்க வருகிறார் என்று யோசிக்காமலே வரவேற்க நாங்கள் பழகிவிட்டோம். முற்றம் கூட்டுவோம், கதிரைக்கு வெள்ளைத் துணி போடுவோம், வாசலில் பன்னீர்ச் செம்பும் சந்தனமும் வைப்போம். எங்கள் சங்கத் தலைவர் வேறு, கதிரையும் பந்தல் சாமானும் வாடகைக்குக் கொடுக்கும் தொழில் செய்பவர்.

"பெரியாக்கள் வருகினம்" என்று அவர் தொடங்கினார். "ஊர் மானம் போகக்கூடாது. முதல் உந்த ரோட்டைப் பாருங்கோ. இந்தப் புழுதிக்குள்ளால அவையின்ர வாகனம் வந்தா என்ன நினைப்பினம்?"

அந்தப் புழுதியைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று அங்கிருந்த பதினைந்து பேரில் ஒருவரும் சொல்லவில்லை. கொப்பியில் "வீதிக்குத் தண்ணீர் ஊற்றுதல்" என்று நான் அழகாக எழுதிக் கீழே கோடு போட்டேன். தண்ணீர் ஊற்றுவதற்குத் தாங்கி பூட்டிய பவுசர் லொறி வேண்டும். பவுசர் இருந்தது குவாரியில் மட்டும்தான். தலைவர் அங்கேயே குவாரி மனேஜருக்குப் போனில் கோல் எடுத்து, வியாழக்கிழமை இன்னார் வருகிறார்கள், காலமை ஒருக்கா வீதியை நனைத்துத் தரமுடியுமா என்று கேட்டார். மறுபக்கம் உடனே சம்மதம். ஒரு தரம் கேட்டதற்கு நான்கு தரம் ஊற்றித் தருவதாகச் சொன்னார்களாம். நல்ல மனிசர்தான் என்று சிலர் பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். எனக்கோ அப்போது வேறு கவலை. வெடிச் சத்தத்தில் என் வரவேற்புரை கேட்காதே.

"அண்ணை, கையோட அதையும் கேளுங்கோ" என்றேன். "அண்டைக்கு மத்தியானம் வரைக்கும் வெடி வைக்கவேண்டாமெண்டு."

அதற்கும் அவர்கள் மறுக்கவில்லை.

ஆக, திகதியைச் சொல்லி, புழுதியை அடக்கி, வெடியை நிறுத்தி வைத்தது நாங்களே. கிணறு மட்டும்தான் மிச்சம். அதை வேறு யாரும் கெடுக்கவில்லை, அந்தப் புத்தி முழுவதும் என்னுடையது. புதன்கிழமை ஏற்பாடுகளைப் பார்க்க அம்மாவின் காணிக்குப் போனேன். கிணற்றை எட்டிப் பார்த்தேன். தண்ணீரின் மேல் நிறம் நிறமாக ஒயில் படர்ந்திருந்தது, செத்த பூச்சிகள் ஒட்டிக் கிடந்தன, பெற்றோல் செட் மணம் வந்தது. எனக்கு உண்மையிலேயே வெட்கமாகப் போய்விட்டது. இதைப் போயா ஆட்களுக்குக் காட்டுவது என்று நினைத்தேன்.

வீட்டுக்கு ஓடிப்போய் என் வயல் மோட்டரை உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அடிவரை இறைத்தேன். நானே உள்ளே இறங்கிச் சுவரைத் தேய்த்துச் சேற்றை வாளியில் அள்ளிவிட்டேன். கோயில் கிணற்றுக்கென்று சுகாதாரப் பகுதியில் வாங்கி வைத்திருந்த குளோரின் மருந்தையும் தாராளமாகப் போட்டேன். அறுபத்திரண்டு வயதில் கிணற்றுக்குள் இறங்கிய என்னை யாராவது படம் எடுத்தால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

அம்மா வாளியை வாங்கி வாங்கி ஊற்றிக்கொண்டு நின்றார். நடுவில் ஒரு தடவை, "ஐயா, அவங்க இதைப் பாக்கத்தானுங்களே வாறாங்க?" என்று கேட்டார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அவர் பேச்சில் மலைநாடு இருந்தது.

"ஓம். அதுக்குத்தானே இவ்வளவும்" என்றேன்.

அவர் அடுத்த வாளிக்குக் கையை நீட்டினார். செயலாளர் சொன்னால் அதில் ஏதோ விஷயம் இருக்கும் என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வியாழக்கிழமை எல்லாம் சிறப்பாக நடந்தது. அதுதான் பிரச்சினை. இரண்டு ஐயாமாரும், தண்ணீர் எடுக்கப் போத்தலோடு ஒரு மிஸ்ஸும் வந்தார்கள். வீதி மழை பெய்து முடிந்தது போல் கிடந்தது. வேலியோர இலைகள்கூடக் கழுவித் துடைத்த பச்சை. எல்லோருக்கும் செவ்விளநீர் கொடுத்தோம். நான் இருபத்தைந்து நிமிடம் பேசினேன். "புழுதியில் மூச்சுத் திணறும் எம் மக்கள்" என்று கையை நீட்டியபோது, பெரிய ஐயா நான் காட்டிய பக்கம் திரும்பி ஈர வீதியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வெடி எத்தினை மணிக்கு வைக்கிறவை?"

"வழக்கமா இந்த நேரம்தான், சேர்."

"இண்டைக்குச் சத்தத்தைக் காணேல்லையே?"

"இண்டைக்கு நாங்கள்தான் நிப்பாட்டச் சொன்னனாங்கள், சேர். உங்கட வருகைக்காக."

அவர் குனிந்து ஏதோ எழுதினார். என் ஒழுங்கைப் பாராட்டி எழுதுகிறார் என்று நினைத்தேன்.

ஒயில் கிடங்கைப் பார்க்கப் போனோம். அதன்மேல் புது மண் போட்டு மட்டப்படுத்தி, அதற்கு மேல் ஒரு ஜல்லிக் குவியல் இருந்தது. திகதியை நாங்கள்தானே சொல்லியிருந்தோம். கிணற்றடிக்குப் போனோம். அடியில் கிடந்த கல்லை எண்ணலாம், தண்ணீர் அவ்வளவு தெளிவு. மிஸ் போத்தலில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வேலியோரம் நின்ற அம்மாவைப் பார்த்து, "தண்ணி எப்பிடி அம்மா?" என்று கேட்டார். அம்மா வாயைத் திறந்தார். "அவா சார்பில நான் சொல்லுறன், மிஸ்" என்று நான் நடுவில் புகுந்து, நிலத்தடி நீரின் அருமை பற்றி இன்னும் ஐந்து நிமிடம் பேசினேன்.

வீட்டுக்கு வந்து, "நல்ல சந்தோஷமாப் போயினம்" என்று மனைவியிடம் சொன்னேன்.

"கலியாண வீட்டுக்கு வந்திட்டுப் போனவை சந்தோஷமாத்தானே போவினம்" என்றாள் அவள்.

இரண்டு கிழமையில் அறிக்கையின் பிரதி வந்தது. வீதியில் குறிப்பிடத்தக்க தூசி இல்லை. பார்வையிட்ட நேரத்தில் வெடிச் சத்தம் இல்லை. கிணற்று நீர் தெளிவாகவும் எண்ணெய்ப் படிவு இன்றியும் உள்ளது. ஆட்சேபனை இருந்தால் எழுத்தில் அறிவிக்கலாம், இல்லையென்றால் குவாரியைப் பெருப்பிக்க அனுமதி வழங்கப்படும். படலையடியில் நின்றே வாசித்தேன். "காசு வாங்கிப் போட்டாங்கள்" என்று கத்தினேன்.

மனைவி குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவுவதை நிறுத்தாமலே, "அவை கண்டதைத்தான் எழுதியிருக்கினம். காட்டினது நீங்கள்" என்றாள்.

இவ்வளவு சின்ன வாக்கியத்தில் விஷயத்தைச் சொல்லிவிட முடியும் என்பது எனக்கு மேலும் எரிச்சலைத் தந்தது. உடனே உட்கார்ந்து ஆட்சேபனை எழுதியிருக்க வேண்டும். எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கிணறு எப்படித் தெளிந்தது என்று சொல்லாமல் அந்தக் கடிதத்தை எழுத முடியாது. சொன்னால் யார் இறைத்தது என்ற கேள்வி வரும். "கிணறு இறைக்கப்பட்டிருந்தது" என்று எழுதிப் பார்த்தேன். "தவிர்க்க முடியாத காரணங்களால் துப்புரவு செய்யப்பட்டிருந்தமை" என்று மாற்றினேன். "நல்லெண்ணத்தின் பாற்பட்டு" என்று ஒரு சொல்லைச் சேர்த்தேன், பிறகு எடுத்தேன். காலையில் வயலுக்குப் போய் வந்து ஒரு பிரதி, இரண்டு நாள் விட்டு இன்னொரு பிரதி. கச்சேரியில் யாரோ அதை வாசித்துச் சிரிப்பது என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

தலைவர் வந்து எட்டிப் பார்த்தார். "இதுக்கேன் இவ்வளவு மினைக்கெடுறியள்? குவாரிக்காரர்தான் களவா இறைச்சவை எண்டு எழுதுங்கோ. ஆர் கண்டது?"

நான் அதிர்ச்சியடைந்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் எனக்கு நிம்மதி வந்தது. அன்றே பேனா ஓடத் தொடங்கியது. "இருளின் போர்வையில் இனந்தெரியாத கைகள்" என்று ஒரு வரி தானாக வந்து விழுந்தது. அந்த வரிக்காக இன்னும் இரண்டு பிரதி எழுதினேன். நிர்வாக சபை கையெழுத்து வைத்தது. கிணற்றுச் சொந்தக்காரியின் கையெழுத்தும் இருந்தால் நல்லது என்று கடிதத்தை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனேன். அறிக்கை வந்து ஒரு மாதமாகியிருந்தது. அதற்கிடையில் அந்தப் பக்கம் ஒரு தடவைகூட நான் போகவில்லை.

கையெழுத்து வைக்கும் இடத்தைப் பெருவிரலால் காட்டினேன். அவர் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, விரல் வைத்து முதல் வரியிலிருந்து வாசித்தார். அவருக்கு வாசிக்கத் தெரியும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்தவராம்.

"குவாரிக்காரங்க இறைக்கலீங்களே ஐயா" என்றார். "நீங்கதானே இறைச்சீங்க."

"ஓம், ஆனா அப்பிடி எழுதினாத்தான் எடுபடும்."

"பொய்யின்னு தெரிஞ்சா நாளைக்கு நான் சொல்ற நெசத்தையும் பொய்யின்னுவாங்க. எனக்கு இருக்கறது இந்தக் கிணறு ஒண்ணுதாங்க."

அவர் சத்தம் போடவில்லை. எனக்குத்தான் குரல் உயர்ந்தது. ஒயில் நிலத்துக்குக் கீழால் வந்துகொண்டுதான் இருக்கிறது, நான் இறைத்ததாலும் மருந்து போட்டதாலும்தான் அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, இந்த விளக்கமெல்லாம் உமக்கு விளங்காது என்று படபடவென்று சொன்னேன். அவர் திரும்பிக் கிணற்றைப் பார்த்தபடி கன நேரம் நின்றார். கையெழுத்தைப் பற்றி யோசிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு கடிதத்தை என் கையில் தந்துவிட்டு, "நடந்ததை எழுதுங்க ஐயா, வைக்கிறேன்" என்றார்.

அவருடைய கதிரையில் இருந்து, அந்தக் கடிதத்தின் பின்பக்கத்திலேயே எழுதினேன். வீதிக்குத் தண்ணீர் ஊற்றுவித்தது நாங்கள். வெடியை நிறுத்தச் சொன்னது நாங்கள். கிணற்றை இறைத்து மருந்து போட்டது செயலாளராகிய நான். தயவுசெய்து சொல்லாமல் வந்து பாருங்கள். என் வாழ்க்கையில் நான் எழுதிய மிகச் சின்னக் கடிதம் அதுதான். கால் மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. அவர் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தார். தலைவர் விஷயம் அறிந்து, "உமக்கென்ன விசரே?" என்று கேட்டார். அதுவரை என்னை "நீங்கள்" என்று அழைத்தவர்.

அதிகாரிகள் சொல்லாமல்தான் வந்தார்கள். அந்த நேரம் நான் மாங்குளம் சந்தியில், அடுத்த வருகைக்கென்று என் பழைய கடிதங்களைப் போட்டோப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் டிப்பருக்குப் பின்னால் புழுதிக்குள்ளால் வந்தார்களாம். வெடி வைக்கும்போது கிணற்றடியிலேயே நின்றார்களாம். அம்மா கச்சான் பிடுங்கிய உடுப்போடு அவர்களைக் கூட்டிப்போய், ஜல்லிக் குவியல் இருந்த இடத்தைக் காட்டி, இதைக் கிண்டிப் பாருங்கள் என்றாராம். நான் பிரதிகளோடு வந்து சேர்ந்தபோது வாகனத்தின் தடம் மட்டும் இருந்தது.

"குடிக்க ஏதாவது குடுத்தனீரோ?" என்றுதான் நான் முதலில் கேட்டேன். அந்த அளவுக்குத்தான் எனக்குப் புத்தி திருந்தியிருந்தது.

"அந்த மிஸ் தண்ணி கேட்டாங்க. இங்க குடிக்கத் தண்ணி இல்லைன்னு சொல்லிட்டேன்."

போன கிழமை முடிவு வந்தது. குவாரியைப் பெருப்பிக்க அனுமதி இல்லை. ஒயில் கிடங்கைத் தோண்டி அகற்றவேண்டும். கிணற்று நீரில் எண்ணெய் கலந்திருக்கிறது, குடிக்கவோ சமைக்கவோ பாவிக்கக்கூடாது, எப்போது சரியாகும் என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது. எனக்கு முதல் இரண்டு வரிகளும் போதுமாக இருந்தன. சைக்கிளை மிதித்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினேன். கூட்டத்தில் பேசும் குரலில் முழுவதையும் வாசித்தேன். "வெண்டிட்டம் அம்மா, வெண்டிட்டம்" என்றேன்.

அவர் சிரித்தார். நல்லதுங்க ஐயா என்றார். பிறகு ஒரு சந்தேகம் என்றார்.

"அன்னைக்கு நீங்க இறைச்சு மருந்து போட்டீங்களே. அதுக்கப்புறம் தண்ணி தெளிவா இருந்துச்சு. கவர்மெண்டு கடுதாசி எனக்கும் ஒண்ணு வந்துச்சு, அதுலயும் நல்ல தண்ணின்னு போட்டிருந்துச்சு. சைக்கிள்ல கொண்டாறது கஷ்டமா இருக்குன்னு நான் அதைத்தான் குடிச்சேன். கொஞ்சம் மணம் இருந்துச்சு, நீங்க போட்ட மருந்து மணம்னு நெனச்சிட்டேன். அதனால ஏதும் ஆகுங்களா?"

"எவ்வளவு நாள் குடிச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

"நீங்க அந்தக் கடுதாசிக்குக் கையெழுத்து வாங்க வந்த நாள் வரைக்கும். அன்னைக்குத்தானே சொன்னீங்க, ஒயில் வந்துகிட்டுத்தான் இருக்குன்னு."

நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுவோம், நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். சரிங்க என்றார். அந்த ஒரு மாதத்தில் நான் ஒன்பது பிரதி எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் இடையில் இரண்டு மூன்று நாள், என்னை முட்டாளாகக் காட்டாத ஒரு சொல்லுக்காக. அந்த நாட்கள் அத்தனையிலும் அவர் அந்தத் தண்ணீரில் சோறு காய்ச்சியிருக்கிறார், தேத்தண்ணி வைத்துக் குடித்திருக்கிறார்.